பதினாலு பேரை எண்ணியவனுக்கு

தம்பி,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை, அது எங்கே போய்விடும்? ஆனால் இன்றைக்குக் கோபம் அதை முந்திக்கொண்டு நிற்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போன காகிதம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஃபேன் காற்றில் பறந்துவிடக் கூடாது என்று உன் அம்மா அதன்மேல் உப்பு டப்பாவை வைத்திருக்கிறாள். இரண்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தை வேண்டுமென்றுதான் தமிழில் எழுதுகிறேன். போனில் பேசி அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் படித்த உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். நல்லது, எழுத்துக்கூட்டியே படி. ஒவ்வொரு வரிக்கும் நேரம் எடுத்துக்கொள். இதை மடித்து ஒட்டப் போவதும் இல்லை. உன் அம்மா படிக்கட்டும், உன் ஆபீஸில் தமிழ் தெரிந்த யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

முதலில் அந்தக் காகிதத்தைப் பற்றி. அது இங்கிலீஷில் இருப்பதால் எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? நான் கோபிநத்தத்தில் எட்டாவது வரை படித்தவன்தான். ஆனால் இருபத்தைந்து வருடமாக இந்த மைசூரில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கியவன். அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசுவது என் காதில்தான் விழும். காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான்: குழுவை அழைத்துப் போனவர் மாணவர்களை எண்ணி முடிப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார், அதனால் ஒரு மாணவி நஞ்சன்கூட்டில் தனியாக விடப்பட்டார், அந்தத் தவறு முழுக்க என்னுடையது, இனி இந்தக் குழுவுக்கு வண்டி ஓட்ட மாட்டேன். கீழே என் பெயர். அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வேறு போட்டிருக்கிறாய், கிழவன் தடுமாறி வேறு எங்கேயாவது கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று. அந்தப் பென்சில் குறியைப் பார்த்தபோதுதான் எனக்கு வந்த கோபம் அடங்க மறுத்தது.

அன்றைக்கு நடந்தது நமக்குள் இருக்கட்டும் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி இருக்க வேண்டியதில்லை. வரிசையாகச் சொல்கிறேன், எங்காவது பொய் இருந்தால் நீயே சிவப்பு மையால் கோடு போடு.

ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டிலிருந்து உன் ஆபீஸ் மூலம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது, ஏனென்றால் அரண்மனை விளக்கு அன்றைக்குத்தான் போடுவார்கள், அதற்கு முன்னால் ஒரு நாளில் எதையெல்லாம் திணிக்க முடியுமோ அதையெல்லாம் நீ திணித்துவிட்டாய். காலை ஆறரைக்கு கோகுலம் ஏரியாவில் யோகா வகுப்பு. வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பதால் பதினாலு பிள்ளைகளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறின. ஒன்றரை மணி நேரம் மூச்சை இழுக்கவும் விடவும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கிருந்து கன்னட வகுப்புக்கு ஓட்டம், மூச்சு விட நேரமில்லை. இட்லியை வண்டியிலேயே சாப்பிட வைத்தாய். சட்னி என் சீட் முழுக்கச் சிந்தியது. அந்தப் பிள்ளைகள் பாவம், சாரி சாரி என்று காகிதத்தால் துடைத்துத் தேய்த்து இன்னும் பெரிதாக்கின. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. என் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் நீ சொல்லிக்கொடுத்தபடி எல்லோரும் என்னை அண்ணா என்றே கூப்பிடுகிறார்கள். இந்த ஊரில் டிரைவரை அண்ணா என்பதுதான் வழக்கம், மரியாதையான வழக்கம். நீயும் அவர்கள் முன்னால் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாய். பெற்ற அப்பனை.

அதற்கு நானும் உடந்தை, மறுக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், "ஆபீஸ்ல சொந்தக்காரங்க வண்டி வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குதுப்பா. ஸ்வல்ப நாள் சொல்லாம இருங்க, ஆமேலே நானே சொல்லிர்றேன்" என்றாய். வண்டி என் முதலாளியுடையது, ஓட்டுகிறவன் மட்டும்தான் நான், இதில் என்ன ரூல் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நீ படித்தவன், உனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். அந்த ஆமேலே, அந்த 'அப்புறம்', இன்றுவரை வரவில்லை.

கன்னட வகுப்பு முடிந்து வெளியே வந்த பிள்ளைகளிடம், அன்றைக்குப் படித்த கேள்விகளை உள்ளூர்க்காரர் யாரிடமாவது கேட்டுப் பழகச் சொன்னாராம் வாத்தியார். வாசலில் நின்ற உள்ளூர்க்காரன் நான்தானே. கிளாரா வந்தாள். எப்போதும் எனக்குப் பின் சீட்டில் உட்காருவாளே, சின்ன நோட்டில் எதையாவது வரைந்துகொண்டே இருப்பாளே, அந்தப் பெண். நோட்டைப் பார்த்துப் பார்த்து, "அண்ணா, நிமகெ எஷ்டு மக்களு?" என்றாள். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று. ஒரு பையன் என்றேன். உடனே அடுத்த கேள்வி, பையன் என்ன செய்கிறான்? நீ பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாய். உனக்குக் கேட்டது. தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாய், பிறகு போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். ஆபீஸில் வேலை செய்கிறான் என்றேன். உங்களைப் பார்க்க வருவானா என்று அவள் பாடத்தில் இருந்த மூன்றாவது கேள்வியையும் விடாமல் கேட்டாள். தினமும் பார்க்கிறேன் என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, நான் சொன்ன கன்னடம் சரியா என்று கேட்டுச் சிரித்தாள். சரிதான் என்று சொல்லிவிட்டு டயரைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

மத்தியானம் நீயே வகுப்பு எடுத்தாய். தண்ணீர்க் கேனை உள்ளே வைக்க வந்தபோது கதவோரம் கொஞ்சம் நின்று கேட்டேன். நம் ஊரில் உங்களுக்காக வேலை செய்கிறவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று அழகாகப் பேசினாய். சமைக்கிறவர், கூட்டுகிறவர், வண்டி ஓட்டுகிறவர், எல்லோருக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு குடும்பம் உண்டு என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. என் பையன் இவ்வளவு கோர்வையாக இங்கிலீஷ் பேசுகிறானே என்று கேனை இறக்கி வைக்கக்கூட மறந்து நின்றேன். இப்போது நினைத்தால் அதுவும் எரிகிறது.

நான்கு மணிக்கு நஞ்சன்கூடு. வழக்கமாக வராத உன் ஆபீஸின் வெளிநாட்டு மேடமும் அன்றைக்கு வண்டியில் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கோயில் வாசலில் செருப்பு விட்டு டோக்கன் வாங்கினால் நேரமாகும் என்று, எல்லோரையும் வண்டியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கச் சொன்னாய். கிளாரா தன் போனில் சார்ஜ் இல்லை என்று என்னிடம் கொடுத்தாள், முன்னால் செருகி வைத்தேன். கோயில் பார்த்து, ஆற்றுப் படித்துறை பார்த்து, ஐந்தே முக்காலுக்குத் திரும்பி வந்தீர்கள். ஏழு மணிக்கு விளக்கு. அவசரத்தில் உனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு, அது உனக்கும் நன்றாகத் தெரியும்: எண்ணுவது கூட்டி வந்தவன் வேலை, எண்ணி முடித்துப் போகலாம் என்று அவன் சொல்லாமல் டிரைவர் கியர் போடக் கூடாது. நீ கதவில் நின்று விரலை நீட்டி எண்ணினாய். பன்னிரண்டு, பதிமூன்று என்று சத்தமாகவே எண்ணினாய். கடைசியில் என் பக்கத்தில் இருந்த மேடத்தையும் சேர்த்துப் பதினாலு என்றாய். வழக்கமாக அந்த சீட்டில் ஏதாவது ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும், அந்தப் பழக்கத்தில் எண்ணிவிட்டாய். எனக்கு அது அப்போது பொறிதட்டவில்லை. ஆனால் என் பின் சீட் காலியாக இருந்தது கண்ணாடியில் தெரிந்தது. "எல்லாரும் வந்தாச்சுங்களா? ஒருக்கா பாத்துருங்க" என்று கேட்டேன். மற்றவர் முன்னால் உன்னை நான் நீங்க வாங்க என்றுதானே பேச வேண்டும். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "எண்ணியாச்சு அண்ணா, எடுங்க எடுங்க, ஏற்கெனவே லேட்." எடுத்தேன். பின்னால் தோழிகளோடு போய் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி ஒரு முறை எழுந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. என் பங்குக்கு அது என் தவறு. அதை எவன் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

அரண்மனை வாசலில் உங்களை இறக்கிவிட்டு, கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து ஒரு ஓரம் பார்த்து வண்டியை நிறுத்தி உள்ளே விளக்குமாறு எடுத்தேன், சட்னி காய்ந்து போயிருந்ததே. என் பின் சீட்டுக்கு அடியில் ஒரு ஜோடி நீலச் செருப்பு. எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டுதான் இறங்கினார்கள், இது யாருடையது? முன்னால் போன் சார்ஜில் கிடக்கிறது. உடனே என் போனை எடுத்தேன் தம்பி. உனக்கு நான் போன் செய்தபோது அங்கே விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து ஜனங்கள் கத்துகிற சத்தம். நீயும் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். "கிளாரா உங்கூட இருக்குதா?" என்று இரண்டு முறை கேட்டேன். அப்புறம்தான் எண்ணினாய். நீ கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவன், வண்டியைக் கூட்டிப் பெருக்கியவன்.

நீ மற்றப் பிள்ளைகளை விட்டு வர முடியாது, நான் போகிறேன் என்று வந்த வழியே திரும்பினேன். அந்த ரோட்டில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. பாஷை தெரியாத பெண், கையில் போன் இல்லை, காலில் செருப்பு இல்லை, இருட்டியும் விட்டது. சாமி பேரைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மா பக்கத்தில் கிளாரா உட்கார்ந்திருந்தாள். படித்துறையில் படிகளை வரைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாளாம், நிமிர்ந்தபோது ஒருவரும் இல்லையாம். அந்த அம்மா ஒரு சாக்கைப் போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, யாரையும் பக்கத்தில் அண்டவிடாமல் காவல் காத்திருக்கிறார். நான் உனக்குப் போனில் தமிழில் சொல்வதைக் கேட்டதும் அவரும் தமிழில் பிடித்துக்கொண்டார், கொள்ளேகால் பக்கம் போலிருக்கிறது. "ஏனுங்க, வயசுப் புள்ளைய இப்படி நடுவீதியில விட்டுப்போட்டுப் போவீங்களா? தல எண்ணிப் பாக்க மாட்டீங்களா? உங்க ஊட்டுப் புள்ளையா இருந்தா இப்படி வுடுவீங்களா?" சுற்றி நின்ற பத்துப் பேர் முன்னால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளைதான் அம்மா எண்ணியது என்று எப்படிச் சொல்வேன்?

கிளாரா அதுவரை அழவில்லை. செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன், போட்டுக்கொண்டாள், அப்போதுதான் அழுதாள். என் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன். வழியில் கடகோளா தாண்டும்போது, எப்படி என்னை மறந்தீர்கள் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் வாயைத் திறந்து, "சாரி மேடம், டிரைவர் மிஸ்டேக்" என்றேன். ஆமாம், முதலில் சொன்னது நான்தான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. நீ அடுத்த மாதம் அவர்கள் ஊருக்கு ஒரு வருடப் படிப்புக்குப் போக வேண்டியவன், உன் ஆபீஸ் மேடம்தான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், இந்த நேரத்தில் உன் பெயர் கெட வேண்டாம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டு வாய் தானாகச் சொல்லிவிட்டது. எந்த அப்பனும் அதைத்தான் செய்வான் என்று அன்றைக்கு நினைத்தேன். அடி விழும்போது நானாகக் குறுக்கே வந்து நிற்பது வேறு தம்பி. நீ என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளுவது வேறு. ஒரு சாயங்காலத்துக்கு நான் உனக்குக் கொடுத்ததை நீ சொத்தாக எழுதி வாங்கப் பார்க்கிறாய்.

மறுநாள் உன் ஆபீஸ் வாசலில் நடந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மேடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் மொழிபெயர்க்க நீ. மேடம் உன்னிடம் கேட்டது எனக்குப் புரிந்தது: நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே இவர் ஏன் வண்டியை எடுத்தார் என்று கேளுங்கள். அப்படியானால் அவரிடம் நீ ஏற்கெனவே அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாய். பக்கத்து சீட்டில் இருந்தாலும் அன்றைக்கு நாம் தமிழில் பேசியது அவருக்குப் புரிந்திருக்காது. நீ என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணா, மேடம் உங்க மேல கோபமா இல்ல. ஒரு சாரி மட்டும் சொல்லிருங்க, சாக்கு" என்றாய். அது போதுமாம். நான் சாரி மேடம் என்றேன். அதை நீ இங்கிலீஷில் என்னவாகச் சொன்னாய்? அவசரப்பட்டுவிட்டேன், கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன் என்று நான் சொல்லாத மூன்று வாக்கியம். எனக்காகப் பேச நீ படித்தாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். உன் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அப்போதும் சும்மா இருந்தேன்.

அப்புறம் வியாழக்கிழமை இந்தக் காகிதம். "பரீ ஃபார்மாலிட்டிப்பா" என்றாய், வெறும் சடங்குதானாம். யுனிவர்சிட்டிக்கு ஒரு பதில் அனுப்ப வேண்டுமாம், ஒரு பெயர் வேண்டுமாம். நான் பேனாவைத் தொடாததைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாய். "நீங்க இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஓட்டப் போறீங்க. எனக்கு முன்னால முப்பது வருஷம் இருக்குதுப்பா. யோசிச்சுப் பாருங்க." யோசித்தேன். இரண்டு நாளாக அதையேதான் யோசிக்கிறேன். என்னிடம் மிச்சம் இருக்கிற ஒரு வருடமோ இரண்டு வருடமோ கெட்ட பெயரோடு கழிந்தால் பரவாயில்லை என்று உன்னால் எப்படி அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது? ஒரு பிள்ளையை நடுவழியில் விட்டுவிட்டு வந்தவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் எந்த முதலாளி எனக்கு வண்டிச் சாவி கொடுப்பான்? கொஞ்சம் வருடம்தானே என்பதால் அது யாருக்கும் வேண்டாத வருடமாகிவிடுமா? உன் அம்மாவும் உன் பக்கம்தான். "போட்டுக் குடுத்துப் போடுங்க. பையன் போறானில்ல, போறப்ப எதுக்கு மனஸ்தாபம்" என்கிறாள். அவளிடமும் இரண்டு நாளாக நான் பேசவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டில் சோறு போடுகிறாள், நானும் நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இதையெல்லாம் உன்மேல் மட்டும் கொட்டினால் அது நியாயமில்லை. உன்னை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்கப் போன அன்று, அப்பா தொழில் என்ற இடத்தில் பிசினஸ் என்று எழுதியது என் கை. நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா நீங்க டிரைவர்தானே என்று கேட்டாய். உன் காதைப் பிடித்துத் திருகி, இங்கே அப்படிச் சொல்லக் கூடாது என்றேன். ஆண்டு விழாவுக்கு வந்தபோது வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்து வெட்கப்பட உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். நீ நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒரே தடவையில் கற்றுக்கொண்டாய்.

இன்னொன்று உன் அம்மாவுக்கும் தெரியாது. நீ பிறந்த புதிதில் நான் இதே மைசூரில் ஹெப்பாளில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாதேவண்ணன் என்று ஒரு கிளீனர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது அதிகாரி ஒருவரின் காரை இடித்துவிட்டேன். மாதேவண்ணன் பின்னால் நின்று நிறுத்து நிறுத்து என்று கத்தினார், நான் பாட்டு வைத்திருந்தேன், கேட்கவில்லை. விசாரித்தபோது, கிளீனர் சைகை காட்டவில்லை என்றேன். ஒரே வாக்கியம். கைக்குழந்தை இருக்கிறது, வேலை போய்விடும் என்று பயம். அவர் என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. பல வருடம் கழித்து தேவராஜ மார்க்கெட் அருகே கூடையில் வைத்து வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவர்தான் கூப்பிட்டார். "மனேல எல்லா சென்னாகிதாரா? மகு தொட்டவனாதனா?" என்றார். வீட்டில் எல்லோரும் நலமா, குழந்தை பெரியவனாகிவிட்டானா என்று. ஆகிவிட்டான் என்று சொல்லிவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த முறை போனபோது அவர் அங்கே இல்லை. அந்த வேலை எனக்குத் தங்கியது, சம்பளம் வந்தது, நீ வளர்ந்தாய். ஆனால் இன்றைக்கும் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அவர் பின்னால் நின்று கத்துகிற மாதிரி இருக்கும். அவர் என்னை மன்னித்திருப்பார். எனக்குத்தான் என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. அவருக்காவது நான் யாரோ ஒரு டிரைவர். நீ தள்ளிவிடுவது உன் அப்பனை. இந்த ஒன்றை நீ முப்பது வருடம் சுமக்க வேண்டும் என்றால், எந்த நாட்டுப் படிப்பும் உனக்கு வேண்டாம் என்பேன்.

ஆகவே நான் கையெழுத்துப் போட மாட்டேன். உன் அம்மா அழுதாலும் மாட்டேன், நீ காலில் விழுந்தாலும் மாட்டேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தக் காகிதத்தோடு வரச் சொல்லியிருக்கிறாய். வருகிறேன், கையெழுத்துப் போடாத வெறும் காகிதத்தோடு. அதற்கு முன்னால் உனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கிறது. மேடத்திடம் நீயாகப் போய்ச் சொல்: எண்ணியது நான், உங்களையும் சேர்த்து எண்ணிவிட்டேன், அவர் கேட்டார், நான்தான் எடுக்கச் சொன்னேன். அதைச் சொல்ல உனக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ் இருக்கிறது. எண்ணிக்கை தப்புவது யாருக்கும் நடக்கும், எனக்கு அதில் ஒரு துளி கோபமும் இல்லை. அந்தப் பெண்ணிடமும் போய்ச் சொல், அவள் ஒரு வாரமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம், பரவாயில்லை அண்ணா என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்குக் கூசுகிறது. நீ சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நானே சொல்வேன், என் உடைந்த இங்கிலீஷில், பாதிக் கன்னடத்தில், நடுவில் மொழிபெயர்க்க யாரும் வேண்டாம். பயணம் நின்றாலும் நிற்கட்டும். என்மேல் கோபித்துக்கொண்டு ஆறு மாதம் பேசாமல் இரு, தாங்கிக்கொள்கிறேன். போகாமல் போனாலும் நீ எனக்கு மகன். இந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் உனக்கு அப்பா என்று ஒருவன் இல்லை, வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒரு டிரைவர்தான்.

திங்கட்கிழமை நான் வண்டியில் வரவில்லை, நம் மேட்டகள்ளியிலிருந்து பஸ் பிடித்து வருகிறேன். உன் அம்மாவும் கூட வருகிறாளாம், இப்போதுதான் வந்து சொன்னாள். இரண்டு வருடமாக உங்கள் வாசல்வரை வந்திருக்கிறேன், கேனை இறக்கக் கதவுவரை வந்திருக்கிறேன், உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. இந்த முறை உட்காரப் போகிறோம். மேடம் யார் இவர்கள் என்று கேட்பார். என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும், எத்தனை நாற்காலி போட வேண்டும் என்பதை மட்டும் இந்த முறை சரியாக எண்ணிப் போடு.

உன் அப்பா